பின்சீட்டுத் தலைவலி

இன்னும் கொஞ்சம் நெருங்கி வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் இருப்பவர்கள் உள்ளே தள்ளி உட்காருங்கள். வெளியே தூறல், என் குரலும் இப்போதெல்லாம் முழங்கை தூரத்துக்கு மேல் போக மாட்டேன் என்கிறது. ஒரு தலைவலியின் கதை சொல்லப் போகிறேன். ஒருத்தியின் தலையில் இருந்தவரை அதை யாரும் நம்பவில்லை. இன்னொருத்தியின் தலைக்கு மாறிய பிறகுதான் நம்பினார்கள். நடுவில் ஓரிடத்தில் கொஞ்சம் பயமாக இருக்கும். அந்த இடம் வரும்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அங்கே அதிக நேரம் நிற்க மாட்டேன்.

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் ஒருவன் இருந்தான். லிஃப்ட்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் போய் நின்று கண்ணை மூடிக் கேட்பான். "மூணாவது மாடிப் பக்கம் உருளை தேஞ்சிருக்கு" என்பான். திறந்து பார்த்தால் தேய்ந்திருக்கும். காதுதான் அவனுக்குச் சோறு போட்டது. சோறு போடுகிற காதை யார் சந்தேகப்படுவார்கள்?

அவன் பெண்டாட்டி துணிக்கடையில் தையல்காரி. வாங்கின கால்சட்டையை இடுப்பில் பிடித்து, காலில் மடித்து, ஆளுக்குத் தக்கபடி ஆக்கிக் கொடுக்கிற வேலை. அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. நடக்கத் தெரியும், ஓடத் தெரியும், நிற்க மட்டும் தெரியாது. அதனால் சிட்டு.

லிஃப்ட்காரனிடம் ஒரு பழைய கார் இருந்தது. அதைத் துடைக்கிற நேரத்தில் பாதியை வீட்டுப் பாத்திரத்துக்குச் செலவழித்திருந்தால் தையல்காரி அவனுக்குக் கோயில் கட்டிக் கும்பிட்டிருப்பாள். ஒருநாள் அந்தக் காருக்கு ஹெடர் வாங்கிக்கொண்டு வந்தான்.

ஹெடர் என்றால் என்ன என்கிறீர்களா? எஞ்சினுக்குள் எரிந்த புகை வெளியேறும் வாசலில் கனத்த இரும்பு வார்ப்பு ஒன்று இருக்கும். குட்டையாக, சொரசொரப்பாக, பார்க்க லட்சணம் ஒன்றும் இருக்காது. ஆனால் வண்டியைச் செய்தவன் அந்த வண்டிக்கென்றே அளந்து வைத்தது. அதைக் கழற்றிவிட்டு, வேறு யாரோ செய்து விற்கிற பளபளப்பான நாலு குழாயை மாட்டுவார்கள். நாலும் நாலு விரல் போல வளைந்து இறங்கி, கீழே மணிக்கட்டு மாதிரி ஒன்றாகச் சேரும். இழுவை கூடும் என்பார்கள். இழுவை கூடுகிறதோ இல்லையோ, சத்தம் மாறும். அந்தச் சத்தத்துக்குத்தான் இவன் மயங்கினான்.

"நம்ம வீட்டு மிக்ஸிக்கு மூடி ஒடஞ்சு கெடக்கு. தட்டு வச்சு அமுக்கி அரைக்கிறேன்," என்றாள் தையல்காரி. "காருக்குக் கொம்பு வந்திருக்கு."

"கொம்பு இல்லம்மா, குழாய்."

"ஊதப் போறது நீங்கதானே. எதுவா இருந்தா என்ன."

மாட்டுகிற வேலைக்கு அவளுடைய அண்ணன் வந்தான். அவன் சைலன்சர் கடையில் வெல்டர். மச்சானும் மாப்பிள்ளையுமாக ஒரு விடுமுறை நாள் முழுக்கக் காருக்கடியில் கிடந்தார்கள். மேலே எஞ்சினோடு சேர்கிற இடம் ஒருவழியாகப் பொருந்தியது. கீழே, புதுக் குழாயின் மணிக்கட்டு பழைய குழாயை எட்டவில்லை. ஒரு விரல்கடை குறைந்தது. வெல்டர் நடுவில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, இரண்டு பக்கமும் கிளாம்ப் என்கிற இரும்பு வளையம் போட்டு முறுக்கினான்.

"இப்போதைக்கு இது நிக்கும் மாப்ள. அடுத்த வாரம் கொண்டு வா, சுத்தி வெல்டு வச்சுத் தரேன்."

"ஒண்ணும் அவசரமில்ல மச்சான்."

அவசரமில்லை என்று சொன்ன வேலை எந்த வீட்டில் முடிந்திருக்கிறது?

இன்னொன்றும் செய்தார்கள். ஹெடரின் சூட்டைக் காட்டும் ஒரு குட்டிக் கடிகாரத்தை ஸ்டீயரிங் பக்கத்தில் பதித்தார்கள். அதற்கு வயர் கொண்டுபோக வேண்டும். பின்சீட்டில் கால் வைக்கிற இடத்தில், தரைத்தகட்டில் ரப்பர் மூடி போட்ட ஒரு துளை இருந்தது. மூடியைப் பிடுங்கி, வயரை நுழைத்து, மேலே மிதியடியை இழுத்துப் போட்டாயிற்று. ரப்பர் மூடி லிஃப்ட்காரன் சட்டைப்பையில் போய், பிறகு ஸ்பானர் பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது.

வண்டியைக் கிளப்பினான். அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல். மச்சானும் மாப்பிள்ளையும் பெற்ற பிள்ளை முதல் தடவை "அப்பா" என்று சொன்னது போல ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சில மாதம் கழிந்தது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது 'டிக் டிக் டிக்' என்று ஒரு சத்தம். எஞ்சின் சூடானதும் அது அடங்கிவிடும். லிஃப்ட்காரன் காதுக்கு அது போதும். எஞ்சின் வாயில் புகை கசிகிறது, சூட்டில் இரும்பு விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது என்று கண்டுபிடித்துவிட்டான். கண்டுபிடித்தது சரிதான். ஹெடரைக் கழற்றினான். நடுவில் வைக்கிற கேஸ்கெட் என்ற மெல்லிய தகட்டில் கரிக்கோடு ஓடியிருந்தது. புதுத் தகடு வைத்தான். போதாது என்று இரண்டு பக்கமும் சூடு தாங்கும் பேஸ்ட்டை ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி அப்பினான். போல்ட்டுகளை ஓரத்திலிருந்து வரிசையாக முறுக்கினான். மறுநாள் காலை காதைக் கொடுத்துக் கேட்டான். டிக் டிக் இல்லை.

"அடைச்சாச்சு," என்றான்.

புகைக்கு அந்த வண்டியில் இரண்டு ஓட்டை இருந்தது, கண்ணுகளா. ஒன்று பேசியது, ஒன்று பேசவில்லை. பேசினதை அவன் அடைத்துவிட்டான்.

மழைக்காலம் வந்தது. லிஃப்ட்காரனின் அம்மா ஆற்றுப்பாலம் தாண்டி அடுத்த ஊரில் தனியாக இருந்தாள். அரை ஆயுள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் கவுண்டரம்மா என்றே பெயர். கண்ணாடித் துவாரத்தின் வழியாக மனுஷர்களைப் பார்த்துப் பார்த்து, முகத்தை வைத்தே நிஜமா நாடகமா என்று சொல்லிவிடுவேன் என்பது அவள் பெருமை. விடுமுறைதோறும் மகன் குடும்பத்தோடு அவளைப் பார்க்கப் போவான்.

அவன் முன்னால். சிட்டு பின்சீட்டில், குழந்தைக்கான இருக்கையில் வாரோடு. பக்கத்தில் தையல்காரி. மழைக்காகக் கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும். அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் நாலு விரல் இறங்கியிருக்கும், சத்தம் கேட்க வேண்டுமே. ஓடுகிற வண்டியில் ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே வரும் என்றுதான் நாம் நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. சில நேரம் அந்த இடுக்கு உள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும். உறிஞ்சியதை ஈடுகட்ட, கீழே எங்கே துளை கிடைக்கிறதோ அங்கிருந்து வண்டி மூச்சு இழுக்கும்.

மழை தொடங்கிய பிறகு முதல் தடவை போய் இறங்கும்போதே தையல்காரி நெற்றியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இரண்டாம் தடவை மாமியார் வீட்டுக் குளியலறையில் வாந்தி. மூன்றாம் தடவை நேரே உள்ளறைக்குப் போய், ஈரத்துணியை நெற்றியில் போட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். சிட்டுவோ வண்டி கிளம்பியதுமே தூங்கிவிடும். "எவ்வளவு நல்ல புள்ள, கார்ல ஏறினா போதும், சத்தமே இல்ல," என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சமையலறையில் கவுண்டரம்மா டீ ஆற்றிக்கொண்டே மகனிடம் பேசினாள். உள்ளறைவரை எட்டுகிற குரல்தான்.

"நான் ஒண்ணும் சொல்லல. என் வீட்டுப் படி ஏறினா உன் பொண்டாட்டிக்குத் தலைவலி. படி எறங்கினா சரியாப் போயிடும். படியை வேணா இடிச்சுக் கட்டிடலாமா?"

"அம்மா, அவளுக்கு நெஜமாவே—"

"நெஜம். எத்தனை நெஜத்தைப் பார்த்திருக்கேன். பஸ் போனப்புறம் வந்து நின்னு, எங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு அழுவான். கையில சினிமா டிக்கெட் இருக்கும்."

"மெதுவாப் பேசும்மா."

"மெதுவாத்தான்டா பேசுறேன். தலைவலிக்காரிக்குக் காது நல்லாத்தான் கேக்குது போல."

உள்ளே தையல்காரிக்குக் கேட்டது. எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருந்தது. எழுந்தால் சுவர் சுற்றியது. வெறுமனே கிடந்தாள். கொஞ்ச நேரம் போனதும், ஜன்னல் காற்று பட்டுப் பட்டு வலி இறங்கியது. இறங்கியபோது அவளுக்கே வெட்கமாகிவிட்டது. வலி போய்விட்டது என்று எழுந்து வந்தால் நாடகம் என்பார்கள். படுத்தே கிடந்தாலும் நாடகம் என்பார்கள். எப்படி எழுந்து வருவது?

டாக்டரிடம் போனாள். கண்ணாக இருக்கும் என்று மூக்குக்கண்ணாடி கொடுத்தார்கள். ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு எதற்குக் கண்ணாடி? போட்டுப் பார்த்தாள், வலி அப்படியே வந்தது. இரண்டாம் முறை போனபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "மனசுல ஏதாவது பாரம் இருக்காம்மா? அந்த வீட்டுக்குப் போறப்ப மட்டும்தானே வருது?" என்று தன்மையாகக் கேட்டார். அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. கடையில் யாரோ ஒருவருடைய கால்சட்டையை மடித்துத் தைக்கும்போதெல்லாம் அதே யோசனைதான். எனக்கு அத்தையைப் பிடிக்கவில்லையோ? எனக்கே தெரியாமல் இவ்வளவு கெட்ட மனசா எனக்கு? உடம்பு பொய் சொல்லுமா?

அடுத்த விடுமுறைக்கு முதல்நாள் புருஷனிடம் சொன்னாள்.

"நாளைக்கு நான் வரலைங்க."

"ஏன்?"

"வந்தா வலிக்கும். வலிச்சா பேச்சு. உங்கம்மாவுக்கும் நிம்மதி இல்ல, எனக்கும் இல்ல."

அவன் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை. "கொஞ்சம் மனச மாத்திக்கிட்டா வராதோ என்னவோ."

அதுவரை அவன் நடுவில்தான் நின்றிருந்தான். இப்போது ஓரடி அந்தப் பக்கம் வைத்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"சிட்டுவையாவது கூட்டிட்டுப் போறேன். அம்மா புள்ளையைப் பாக்கணும்னு ஏங்குது," என்றான்.

"கூட்டிட்டுப் போங்க."

அந்த வண்டியில் இருந்த ஒரே எச்சரிக்கை மணி அவளுடைய தலைதான். அதை வீட்டில் விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் ஏற்றுவது என்று முடிவாயிற்று. கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேனே, அந்த இடம் வந்துவிட்டது.

மருமகள் வரவில்லை என்று ஃபோனில் கேட்டதும், கவுண்டரம்மா காலை முதல் பஸ்ஸிலேயே கிளம்பி மகன் வீட்டுக்கு வந்துவிட்டாள். "புள்ளையைப் பின்னாடி தனியா உக்காரவச்சு ஓட்டிட்டு வருவியா? கூட நான் வரேன்," என்றாள். வாசலில் மருமகள் குழந்தையின் பையை நீட்டினாள்.

"மாத்துத் துணி மேல இருக்கு அத்தை."

"தலை எப்படி இருக்கு?"

"இன்னிக்கு வலிக்கல."

"எப்படி வலிக்கும், நீதான் வரலையே," என்று சொல்லிவிட்டுக் கவுண்டரம்மா காரில் ஏறினாள். பின்சீட்டில், குழந்தைக்குப் பக்கத்தில், மருமகள் வழக்கமாக உட்காருகிற இடத்தில்.

அன்று மழை பிடித்துக்கொண்டது. முதல்நாள் ஒரு பள்ளத்தில் வண்டியின் அடிவயிறு இடித்ததில், வெல்டர் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்ற அந்தக் கிளாம்ப் இன்னும் நழுவியிருந்தது. ஆற்றுப்பாலத்துக்கு முன்னால் வண்டிகள் தேங்கி நின்றன. லிஃப்ட்காரன் எஞ்சினை அணைக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் முகத்தை வைத்து முன்னால் என்ன என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சிட்டு தூங்கிவிட்டது.

கவுண்டரம்மாவுக்கு முதலில் நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டுவது போல இருந்தது. பஸ்ஸில் வந்த அலுப்பு என்று நினைத்தாள். பிறகு விரல் சுத்தியலாயிற்று. வாயில் எச்சில் ஊறியது, வயிறு புரட்டியது. மழை இருட்டில் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகமே தெரிந்தது. உதடு தொங்கி, கண் செருகி, நெற்றியில் கை வைத்து. இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். யோசிக்க வெகுநேரம் ஆகவில்லை. இதே முகம் தன் வீட்டு வாசலில் மூன்று தடவை காரிலிருந்து இறங்கியிருக்கிறது.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கும் தலை வலிக்கிறது என்று சொன்னால், அவளுக்கும் வலித்தது என்று ஆகிவிடும். சமையலறையில் பேசிய பேச்சையெல்லாம் திருப்பி விழுங்க வேண்டும். பாலம் தாண்டட்டும், காற்று வந்தால் சரியாகிவிடும், சொல்லாமலே போய்விடலாம் என்று பல்லைக் கடித்தாள். வண்டிகள் நகரவில்லை. மனுஷிதானே அவளும்.

சாய்ந்தபடியே குழந்தையின் கையைப் பிடித்தாள். கை துணிபோல இருந்தது. ஆட்டினாள். "சிட்டு" என்றாள். கன்னத்தைத் தட்டினாள். தலை ஒருபக்கம் போனது. இமை அசையவில்லை.

"வண்டிய நிறுத்துடா."

"நின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்கு."

"கதவத் திற. புள்ளை எழுந்திரிக்க மாட்டேங்குது."

மழையோடு மழையாகக் கதவுகள் திறந்தன. லிஃப்ட்காரன் குழந்தையை வாரிலிருந்து பிடுங்கி, தெருவோரக் கடைக் கூரைக்கடியில் ஓடினான். கவுண்டரம்மா இறங்கிய இடத்திலேயே முழங்காலில் விழுந்தாள். கடைக்காரன் ஆம்புலன்ஸுக்குச் சொன்னான். குழந்தையின் முகத்தில் மழைச்சாரல் பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நேரம் அது முகத்தைச் சுளித்தது. பிறகு வாந்தி எடுத்தது. பிறகு, கண்ணுகளா, அழுதது. காதை நம்பிப் பிழைத்தவன் தன் வாழ்நாளில் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான்.

கைகளை விட்டுவிடலாம் இப்போது.

கவுண்டரம்மா தெருவில் உட்கார்ந்தபடியே மகனின் கால்சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உன் பொண்டாட்டிக்கு ஃபோன் போடு."

"உனக்கு என்னம்மா ஆச்சு?"

"தலைவலி. என்னோடது இல்லடா. அவளோடது. அவ சொன்ன அதே தலைவலி. உன் வண்டியிலதான் இருக்கு."

ஆஸ்பத்திரியில் பாட்டிக்கும் பேத்திக்கும் மூக்கில் குழாய் வைத்துச் சுத்தமான காற்றுக் கொடுத்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, வண்டிப் புகையில் வருகிற நச்சு வாயு என்றார்கள். அதற்குத் தனியாக வாசனை கிடையாது, நிறம் கிடையாது. குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் சாய்க்குமாம். இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பாலத்தில் நின்றிருந்தால், என்று தொடங்கிய டாக்டர், எதிரே நின்றவர்களின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

தையல்காரி அண்ணனோடு வந்து சேர்ந்தாள். குழந்தையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். புருஷன் பக்கம் திரும்பவே இல்லை. வெகுநேரம் கழித்துப் பக்கத்துக் கட்டிலுக்கு வந்து நின்றாள். கவுண்டரம்மா மூக்குக் குழாயை விலக்கப் பார்த்தாள்.

"அத எடுக்காதீங்க அத்தை."

"எடுக்கலன்னா எப்படிப் பேசறது?"

"அப்புறம் பேசிக்கலாம்."

"இல்ல. எனக்கு வலிச்சப்ப நான் உடனே வாயத் திறக்கல. உன்னால. நீ பொய் சொல்லலன்னு ஆயிடுமேன்னு." கவுண்டரம்மா கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "புள்ள பக்கத்துல கெடக்கு, நான் கணக்குப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

தையல்காரிக்குப் பரவாயில்லை என்று சொல்ல நாக்கு வரவில்லை. அது பரவாயில்லாத விஷயம். அவள் போர்வையின் ஓரத்தை மடித்து விட்டாள், தைக்கப் போகிற மாதிரி.

"நானே என்னை நம்பல அத்தை," என்றாள் கடைசியில். "கெட்ட மனசு போலிருக்குன்னு இருந்தேன்."

மறுநாள் சைலன்சர் கடையில் காரைத் தூக்கி நிறுத்தினார்கள். வெல்டர் யாரிடமும் பேசவில்லை. தங்கச்சியை நாடகக்காரி என்றார்கள் என்று அவனுக்குக் கோபம். அந்தக் கிளாம்ப்பைப் போட்டவன் தானே என்பதால் கோபப்படவும் முடியாத கோபம். தையல்காரி குழந்தையை ஆஸ்பத்திரியில் மாமியார் பக்கத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"நீ எதுக்கு இங்க? ஒரே கரி," என்றான் லிஃப்ட்காரன்.

"என் தலைவலிய நான் பாக்கணும்."

வெல்டர் வேக்குவம் க்ளீனரைத் திருப்பிப் போட்டு, காற்றை உறிஞ்சாமல் ஊதும்படி செய்து, சைலன்சரின் வாலில் செருகித் துணியால் சுற்றினான். எஞ்சின் ஓடாமலே குழாய் முழுக்கக் காற்று நிறையும், ஓட்டை இருந்தால் அங்கே கசியும். ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கலக்கினான். தையல்காரி தூரிகையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். எஞ்சின் வாயிலிருந்து ஆரம்பித்து, நாலு குழாயிலும் தடவிக்கொண்டே வந்தாள். பேஸ்ட் அப்பிய இடத்தில் ஓரமாக ஒரு சின்னக் குமிழ் வந்து உடைந்தது. மணிக்கட்டில், அந்தத் துண்டுக் குழாயைச் செருகிய இடத்தில் தூரிகையை வைத்தாள்.

சோப்பு நுரை பொங்கியது. குமிழ்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, ஒரு கைப்பிடி பூ மாதிரி வெள்ளையாகத் தொங்கின. சத்தமே இல்லை.

"இதுதானா?" என்றாள்.

அவள் நிமிர்ந்து மேலே பார்த்தாள். நேர் மேலே தரைத்தகட்டில் துளை. வயர் ஒன்று ஒல்லியாக ஏறிப்போனது. அதைச் சுற்றி விரலால் தொட்டால் ஒட்டுகிற கரி வட்டம்.

"இதுக்கு மூடி இருந்திருக்குமே."

லிஃப்ட்காரன் ஸ்பானர் பெட்டியைக் கவிழ்த்தான். அடியிலிருந்து ரப்பர் மூடியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"மனச மாத்திக்கிட்டா வராதோ என்னவோன்னு சொன்னீங்க," என்றாள்.

"சொன்னேன்."

"இந்த ஓட்டை என் மனசுலயா இருந்துச்சு?"

அவன் நீட்டிய மூடியை விரல்களுக்குள் மூடிக்கொண்டான். பிறகு, "கழட்டிடறேன். எல்லாத்தையும் கழட்டிப் பழசையே போட்டுடறேன்," என்றான்.

"பழசைத்தான் ஒடச்சு இரும்புக்குப் போட்டாச்சே மாப்ள," என்றான் வெல்டர். அன்று அவன் பேசிய முதல் பேச்சு.

தையல்காரி அந்த நாலு குழாயையும் பார்த்தாள். "அளவு சரியில்லாத துணியை நான் தூக்கியா போடுறேன்? பிரிச்சு ஒழுங்காத் தைங்க. ஆனா தையல் விட்ட எடத்துல பசை போட்டு ஒட்டி என் தலையில கட்டாதீங்க."

பிரித்தார்கள். ஹெடர் எஞ்சினோடு சேர்கிற முகத்தை ஒரு கண்ணாடிப் பலகையில் கவிழ்த்துப் பார்த்தபோது நடுவில் இடைவெளி தெரிந்தது. ஓரத்திலிருந்து முறுக்கியதில் அந்த முகம் வளைந்துவிட்டிருந்தது. மட்டமாகும் வரை அதை அரத்தால் ராவினார்கள். பேஸ்ட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு, பல அடுக்கு உலோகக் கேஸ்கெட் வைத்தார்கள். போல்ட்டை நடுவிலிருந்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார்கள். கீழே அந்தத் துண்டுக் குழாயை அறுத்தெறிந்து, சரியான நீளத்தில் வேறு வெட்டி, இமைக்காமல் சுற்றி வெல்டு வைத்தான் வெல்டர். எஞ்சினை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினார்கள். வயரைப் பிடுங்கிவிட்டுத் துளைக்கு மூடி போட்டார்கள். சூடு காட்டும் கடிகாரம் செத்துப்போனது, யாரும் அதற்கு அழவில்லை.

பிறகு திரும்ப வேக்குவம் க்ளீனர், திரும்பச் சோப்புத் தண்ணீர். இந்த முறை தையல்காரி ஒவ்வோர் இணைப்பிலும் தூரிகையை வைத்துவிட்டுக் காத்திருந்தாள். தண்ணீர் வழிந்து சொட்டியது. குமிழ் வரவில்லை. அப்போதும் அவள் போகவில்லை. லிஃப்ட்காரன் நச்சு வாயு வந்தால் கத்துகிற கருவி ஒன்றை வாங்கி வந்து, குழந்தையின் இருக்கைக்கு மேலே மாட்டினான். காதை மட்டும் நம்புவதை அவன் விட்டுவிட்டான்.

சிட்டு தேறி, மறுபடி நிற்கத் தெரியாமல் ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு விடுமுறை நாளில் மூவரும் கிளம்பினார்கள். தையல்காரி பழைய இடத்தில்தான் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரன் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றினான். உறுமல் வெளியே எங்கேயோ யாருக்கோ கேட்டுக்கொண்டிருந்தது. பாலம் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு பொட்டில் அந்த விரலுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. வரவில்லை என்று தெரிந்தும் காத்திருந்தாள். குழந்தை தூங்கியபோது இரண்டு தரம் எழுப்பினாள். அது கோபத்தில் அவள் கையைக் கடித்தது. கடித்த இடத்தை அவள் தடவிக்கொண்டே வந்தாள். அந்தப் பயம் அவளை விட்டுப் போக இன்னும் எத்தனை மழைக்காலம் ஆகுமோ, எனக்குத் தெரியாது.

கவுண்டரம்மா படியிறங்கி வந்து கார்க் கதவைத் தானே திறந்தாள். உள்ளறைக் கட்டிலில் விரிப்பு மாற்றி, தலைமாட்டில் ஈரத்துணியை மடித்து வைத்திருந்தாள்.

"இது எதுக்கு அத்தை?"

"வலிச்சா இருக்கட்டும்னு. வலிச்சா சொல்லு. எத்தனை தடவை வலிச்சாலும் சொல்லு."

தையல்காரி அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது.

"கார்ல ஒண்ணும் வலிக்கல," என்றாள். "உங்க முகத்தப் பார்த்தா வரும்னு நெனச்சேன். இதுவரைக்கும் வரல."

கவுண்டரம்மா கண்ணாடித் துவாரத்தின் வழியாகப் பார்ப்பது போல மருமகள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். நிஜமா நாடகமா என்று சொல்லத் தெரியவில்லை.

"உக்காரு," என்றாள். "டீ போடறேன். இங்கேயே பேசிக்கிட்டிரு, எனக்குக் கேக்கும்."

அவ்வளவுதான் கதை. எழுந்திருப்பதற்கு முன் இந்தக் கிழவி சொல்வதை வாங்கிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டுக் குழந்தைகள் எழுப்பியதும் எழுந்து, எழுப்பினவர்கள் மேல் கோபித்துக்கொள்ளட்டும். உங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலித்தாலும், முதல் தரம் சொல்லும்போதே கேட்கிற ஆள் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். நாளைக்கு என்று தள்ளிவைத்த வேலை உங்கள் பிள்ளைகளைத் தொடாமல் போகட்டும். வீட்டுக்குள்ளும் மனசுக்குள்ளும் நல்ல காற்று ஓட, நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் நீண்ட நாள் நிறைவாக இருங்கள், கண்ணுகளா.